கரண்ட் கம்பி பக்கத்தில் மரம் வெட்ட யாருக்குத் தெரியும்?
தேனாம்பேட்டை வாலிபர்களுக்குக் கிடைக்காத பயிற்சி

சென்னை, தேனாம்பேட்டை:

"கிளை கம்பியில உரசுது. கொஞ்சம் வெட்டி விடுப்பா!"

மழைக்காலம் நெருங்கினால் தேனாம்பேட்டையில் இந்தப் பேச்சு கேட்காத தெரு இருக்காது. தென்னந்தோப்பால் பெயர் வந்த ஊர் என்பார்கள். தோப்பு போய்விட்டது. மரம் ஏறுகிற ஆள் மட்டும் இன்னும் இருக்கிறார். வீட்டுக்காரர் கூப்பிட்டால் அரிவாள், கயிறு சகிதம் வருவார். கூலி பேசுவார், ஏறுவார்.

அவருக்கு மரம் தெரியும். எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்பது காலுக்கே தெரியும். ஆனால் எந்தக் கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது, எதில் 11 ஆயிரம் வோல்ட் ஓடுகிறது? அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, மின்வாரிய ஊழியரைக் கூப்பிடலாம் என்றால் கதை தலைகீழ். (மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறினாலும் ஜனங்களுக்கு இன்னும் அது ஈ.பி.தான்!) அவருக்குக் கம்பி தெரியும், மரம் தெரியாது. கம்பிப் பக்கம் இருப்பதை வழித்து எடுத்துவிட்டுப் போவார். வருஷா வருஷம் ஒரே பக்கம் வழித்தால் மரத்தின் பாரம் முழுக்க மறுபக்கம் சாயும். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைக்கு உறுதியும் கிடையாது. அடுத்த புயலில் முதலில் முறிவது அதுதான்.

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. கூடவே கம்பியும் கம்பமும் விழுந்தன. பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறக்க முடியுமா?

பூமிக்கு அடியில்...

"நம்ம ஏரியாவில்தான் கேபிள் பூமிக்கு அடியில் போகிறதே?" என்று கேட்கலாம். நகரின் நடுப்பகுதியில் நிறைய தெருக்களில் அப்படித்தான். ஆனால் பள்ளம் தோண்டும்போது வெட்டுப்படுவது வேர். கம்பி மேலே போனால் கிளை போகிறது. கீழே போனால் வேர் போகிறது. 2022 ஜூன் 24-ந்தேதி கே.கே. நகரில் மரம் கார் மீது சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். வடிகால் பள்ளம்தான் காரணம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். மாநகராட்சி மறுத்தது.

என்ன படிப்பு?

மரமும் கம்பியும் சேர்ந்த இந்த வேலை வெளிநாட்டில் தனித் தொழில். அமெரிக்காவில் பயிற்சி பெறாத ஆள் மின்கம்பிக்கு 10 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். அழுத்தம் கூடிய கம்பியை நெருங்கி வெட்டினால், குரல் எட்டும் தூரத்தில் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருந்தாக வேண்டும். அவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 14-ந்தேதி ஒஹையோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள் உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டன. அதில் தொடங்கிய கோளாறு பரவி, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் போனது!

படிக்க வேண்டிய பாடம் ஒன்றும் மலை இல்லை. முதல் பாடம் "எல்.சி." அதாவது லைன் கிளியர். சப்ளையை நிறுத்தி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் கொடுத்த பிறகுதான் அரிவாளையே தொட வேண்டும். சப்ளை நின்றாலும் பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாகக் கம்பியில் மின்சாரம் ஏறக்கூடும். எர்த் போடுவது அதற்காகத்தான். பச்சைக் கிளையில் ஈரம் உண்டு. ஒரு முனை கம்பியில் பட்டால் மறுமுனையைப் பிடித்தவருக்கு ஷாக்! அலுமினிய ஏணி என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது அறுக்கும் முறை. முதலில் கிளையின் அடியில் கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். கிளை விழுந்த பின் மிச்சத்தை அடிமரத்து வளையத்தை ஒட்டிச் சீவ வேண்டும். ஒரே வெட்டாக மேலிருந்து போட்டால் பட்டை நீளமாகக் கிழிந்து மரம் அழுகும். பெரிய கிளையைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். கம்பிப் பக்கம் மட்டும் கழிக்காமல் நாலு பக்கமும் பாரம் பார்த்துக் கழிக்க வேண்டும்.

இதை எங்கே போய்ப் படிப்பது? கிண்டி ஐ.டி.ஐ. கூப்பிடு தூரம். அங்கே எலெக்ட்ரீஷியன் படிக்கலாம். கம்பியோரம் மரம் கழிக்க என்று ஒரு பிரிவு நமக்குத் தெரிந்து எங்கும் இல்லை. 2019-ல் மின்வாரியம் கேங்மேன் வேலைக்கு ஆள் கேட்டபோது 5-ம் வகுப்பு போதும் என்றது. கம்பம் ஏறிக் காட்டச் சொன்னது. 2025-ல் கள உதவியாளர் வேலைக்கு ஐ.டி.ஐ. கேட்டார்கள். ஏழாவதோடு நின்று, பதினைந்து வருஷமாக மரம் ஏறுகிற ஆளுக்கு அந்தக் கதவும் மூடியாச்சு. அவரிடம் சம்பளச் சீட்டு இல்லை, சர்டிபிகேட் இல்லை. கீழே விழுந்தால் யார் முதலாளி என்பதே தகராறு! வயர்மேன் படிப்பில் ஒரு மாதம் மரத்தைச் சேர்த்து, மரம் ஏறுகிறவருக்கு ஒரு மாதம் கம்பியைச் சொல்லித் தந்தால் எந்தக் கஜானா காலியாகிவிடும்?

சட்டத்தில் ஒரு விஷயம் பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 68-வது பிரிவுப்படி, கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அதிகாரி உத்தரவின் பேரில் அகற்றலாம். ஆனால் கம்பி வரும் முன்பே நின்ற மரம் என்றால் அதன் சொந்தக்காரருக்கு நியாயமான நஷ்டஈடு உண்டு.

கிளை கம்பியில் படுகிறதா? கூலி ஆளைக் கூப்பிடும் முன் மின்னகத்துக்கு, 94987 94987-க்குப் போன் போட்டு சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். வெட்டிய கிளை நடைபாதையில் கிடந்தால் அது மாநகராட்சி சமாச்சாரம். அதற்கு நம்பர் வேறு: 1913.