கால்கட்டு

கால்கட்டுப் போடுவது என்று எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மற்ற ஜில்லாக்களிலும் இருக்கும். ஆனால் அதன்மேல் எங்களுக்கு இருக்கிற நம்பிக்கை வேறு யாருக்கும் இராது என்று நினைக்கிறேன். பிள்ளை குடிக்கிறானா? கால்கட்டுப் போடு. சீட்டாடுகிறானா, சாமியாராகப் போகிறேன் என்கிறானா, ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறானா? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். பயிர் எதனால் பழுத்தது என்று பார்க்காமல் ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டுகிறோமே, அந்த மாதிரி.

கட்டப்படுகிற காலைப் பற்றித்தான் பேச்செல்லாம். கட்டுகிற கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கயிறும் ஒரு மனுஷப் பிறவி. அவளுக்கும் ஒரு தகப்பன் உண்டு. அவனும் குறுவை, தாளடி என்று இரண்டு போகத்தை நம்பிக் கடன் வாங்கி நகை செய்கிறவன்தான்.

நான் இங்கே பேச வந்தது குடிகாரனைப் பற்றி அல்ல. "எனக்குப் பெண் பார்க்காதீர்கள், என் மனசு ஆண்பிள்ளை பக்கம்தான் போகிறது" என்று வீட்டில் சொல்கிற பிள்ளையைப் பற்றி. தன்பாலீர்ப்பு என்று இப்போது ஒரு சொல் புழங்குகிறது. இவர்களை மரியாதையாகக் குறிக்கச் சொற்கள் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தி, 2022-இல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. அதற்கு முன்னால் எங்கள் ஊர் டீக்கடைகளில் புழங்கிய சொற்களை அச்சில் ஏற்ற முடியாது. இப்போதும் அவைதான் புழங்குகின்றன என்பது வேறு விஷயம்.

பிள்ளை சொல்லிவிட்டான். பிறகு வீட்டில் என்ன நடக்கும்? அம்மா இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். அப்பா வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் நாடி ஜோசியம் பார்ப்பார். ஏட்டில் களத்திர தோஷம் என்று வந்திருக்கும். வராமல் என்ன செய்யும்? அங்கிருந்து திருமணஞ்சேரி. அந்தக் கோயிலில் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றும் பையன்களில் எத்தனை பேர், "சாமி, இந்த ஏற்பாடு நடக்காமல் பார்த்துக்கொள்" என்று வேண்டிக்கொள்கிறார்களோ, கல்யாணசுந்தரருக்குத்தான் வெளிச்சம்.

அதுவும் பலிக்காவிட்டால் டாக்டர். இங்கே சில உண்மைகளைச் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் இது வியாதியல்ல என்று பகிரங்கமாகச் சொல்லிற்று. 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதை "மாற்றுகிறேன்" என்று வைத்தியம் செய்யக்கூடாது என உத்தரவிட்டார். மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே எந்த டாக்டராவது மாத்திரை கொடுத்துத் திருத்துகிறேன் என்றால், அந்த டாக்டரைத்தான் திருத்த வேண்டும்.

அந்த நீதிபதியைப் பற்றி இன்னொன்று. வழக்கு இரண்டு பெண்களைப் பற்றியது. வீட்டாருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். தீர்ப்பு எழுதுமுன், இந்த விஷயம் தமக்குச் சரியாகப் புரியவில்லை என்று பதிவு செய்துவிட்டு, ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இருந்த அந்த அடக்கம், நாலு வேலி நிலமும் ஒரு ரைஸ் மில்லும் வைத்திருக்கிற நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வருவதில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். "எல்லாம் ஒரு கலியாணம் ஆனா சரியாப் போயிடும்டா."

சரியாய்ப் போன ஒரு கலியாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பெண் படித்தவள். பையன் நல்லவன், அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சம்பளத்தை அவள் கையில் கொடுத்தான். ஆனால் ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டான். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் கண்ணாடி முன் நின்று தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஊரும் அதையே தேடியது. அவளுக்கு ஏதோ கோளாறு என்று முடிவாகிவிட்டது. பையனின் தாயாருக்கோ முகூர்த்தத்துக்கு முன்பே எல்லாம் தெரியும். தெரிந்துதான் அவசரப்பட்டாள். நெல்லில் ஈரம் இருப்பதை மறைத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் மூட்டையைத் திருப்பிவிடுகிறான். மனுஷாளை இப்படி ஏமாற்றி ஒருத்தி தலையில் கட்டினால் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்துக் கொண்டாடுகிறோம்.

அந்தப் பையனையும் நான் விட்டுவிடத் தயாரில்லை. அம்மா விஷம் குடிப்பேன் என்றாள், அப்பாவுக்கு நெஞ்சு வலி, தங்கை கலியாணம் நிற்கிறது என்று அவன் சொல்லக்கூடும். எல்லாம் வாஸ்தவம். ஆனால் தாலியை எடுத்தது அவன் கை. தன் தாயாருக்கு ஒரு சமாதானம் வாங்க இன்னொருத்தியின் ஆயுளைக் கொடுப்பதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்பவர்கள் இருக்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு ஒன்று உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதியது. 2009-இல் டில்லி உயர் நீதிமன்றம் அதன் விஷப்பல்லைப் பிடுங்கிற்று; 2013-இல் உச்ச நீதிமன்றம் பல்லைத் திரும்ப ஒட்டிற்று; 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, வயது வந்தவர்கள் மனமொப்பி இருப்பது குற்றமல்ல என்று தீர்த்தார்கள். 2024-இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. வெள்ளைக்காரன் போய்ச் சட்டமும் போய்விட்டது. அவனுடைய அருவருப்பை மட்டும் நாம் பிதுரார்ஜிதமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஜில்லாவில் இந்த விஷயம் இல்லாமல் இருந்ததா? கரிச்சான் குஞ்சு 1978-இல் 'பசித்த மானிடம்' என்ற நாவலை வெளியிட்டார். காவிரிக்கரை மனிதர், இந்த மண்ணை எழுதியவர். ஏழைப் பையனைப் பணக்காரர்கள் எப்படித் தங்கள் இச்சைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதை அவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதினார். ஊருக்கு அது தெரியாத செய்தி அல்ல. பெரிய மனிதர், வீட்டில் மனைவி, நாலு குழந்தைகள். தோட்டத்து வீட்டில் ஒரு பையன். யாரும் அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. கோயில் கும்பாபிஷேகத்தில் அவருக்குத்தான் முதல் மரியாதை. வற்புறுத்தலும், வயது வித்தியாசமும், காசும், திருட்டுத்தனமும் சேர்ந்திருந்தபோது நாம் வாயைத் திறக்கவில்லை. இப்போது இரண்டு பேர், சம வயது, சம்பாதிக்கிறவர்கள், ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று ஒரே வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்கள். உடனே கலாசாரம் கெட்டுவிட்டது என்கிறோம்! நமக்கு ஆட்சேபம் காமத்தின்மேல் இல்லை. பொறுப்பின்மேல்தான் என்று தோன்றுகிறது.

பொறுப்பு என்றால் என்னவென்று இந்தப் பெரியவர்களுக்குக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரு வீடு உண்டு. ஒருவன் வெண்ணாற்றுப் பக்கம், மற்றவன் கொள்ளிடத்துக்கு வடக்கே. பல வருஷங்களாகச் சேர்ந்து இருக்கிறார்கள். முதல்வனின் தாயாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கலியாணமான அண்ணன்மார் இரண்டு பேரும் முறை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாளைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி புகட்டி, துணி மாற்றியது கொள்ளிடத்துக்காரன்தான். முதலில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். ஆறு மாசம் கழித்து, அவன் வரத் தாமதமானால் "இன்னும் காணமே அவனை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் பேத்தி கலியாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை போகவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் யார்னு கேட்டா என்னத்தைச் சொல்றது?" என்றார் மூத்த அண்ணா. கிழவியைத் தூக்கும்போது யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை.

வம்சம் என்னாவது என்பது அடுத்த கேள்வி. கலியாணம் செய்துகொள்ளாத சித்தப்பா, அறுத்துப் போட்டுக்கொண்டு வந்த அத்தை, சுவீகாரம் எடுத்த பிள்ளை இல்லாத பழைய குடும்பம் ஒன்றை இந்த டெல்டாவில் யாராவது காட்டட்டும். குடும்பம் என்பது எப்போதுமே தாலியால் மட்டும் கட்டினதாக இருந்ததில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் இதைத்தான் சொன்னார்கள்: குடும்பம் அமைக்கக் கலியாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான். அதுவும் பெற்றவர்கள் ஒரு பெண்ணை அவள் துணைவியிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த வழக்கு. அந்தப் பெண்ணின் தாயார் ஒரு லீலா சேத் அல்ல என்று தீர்ப்பில் குறிப்பிட்டார்கள். லீலா சேத் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. தன் பிள்ளை எழுத்தாளர் விக்ரம் சேத்துக்காக 377-ஐ எதிர்த்து எழுதிய தாயார்.

வடக்கே போவானேன், நம் சோழ நாட்டிலேயே கோப்பெருஞ்சோழன் இருக்கிறான். பெற்ற பிள்ளைகள் படையெடுத்து வந்தார்கள். மனம் நொந்து வடக்கிருந்தான். பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான், தான் ஒருநாளும் நேரில் பார்த்திராத பாண்டி நாட்டுப் பிசிராந்தையாருக்காக. அவரும் வந்தார், கூடவே உயிர் விட்டார். அவர்கள் இருவரையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க வரவில்லை. அது நட்பு, நட்பாகவே இருக்கட்டும். ஆனால் இரத்த உறவு கழுத்தை அறுக்க வரும்போது, தேர்ந்துகொண்ட உறவு பக்கத்தில் வந்து உட்காரும் என்பதைப் புறநானூற்றுக் காலத்துத் தமிழன் மரியாதையோடு பார்த்தான். யார் அவன், என்ன முறை என்று கேட்கவில்லை.

இப்போது சட்டம் கேட்கிறது. நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் நிலம் இருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வாரிசுச் சட்டம் தாய்ப்பாலோடு வந்துவிடும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் ஓர் ஆண் செத்தால், முதலில் தாய், மனைவி, மக்கள், பிறகு தகப்பன், உடன்பிறந்தார், பிறகு பங்காளிகள், பிறகு பெண்வழி உறவு. ஒருவரும் இல்லையானால் சர்க்கார். சர்க்கார்கூட வாரிசு, இருபது வருஷம் கூட இருந்தவன் வாரிசில்லை. ஆகவே இப்படி வாழ்கிறவர்கள் இன்றைக்கே உயில் எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். பங்காளி கண்ணீரோடு வருவான். கூடவே கிராம நிர்வாக அதிகாரியையும் அழைத்து வருவான்.

2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இவர்கள் கலியாண உரிமை கேட்ட வழக்கைத் தள்ளிற்று. அது பாராளுமன்றத்தின் வேலை என்றார்கள். ஒரு கமிட்டி போடப்பட்டது. 2024-இல் டில்லியிலிருந்து சில சுற்றறிக்கைகள் வந்தன: சேர்ந்து வாழ்கிறவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். நல்லதுதான். ஆனால் டில்லியில் கிளம்பிய தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருகிற லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? ரேஷன் கடையில் போய் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்காட்ட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைக் கலியாணங்கள் சட்டப்படி கலியாணமே அல்ல என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனையோ தம்பதிகள், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள், எல்லோரும் ஒரே தீர்ப்பில் அந்தரத்தில் நின்றார்கள். அப்போதும் பெரியவர்கள் இது கலாசாரச் சீரழிவு என்றுதான் சொன்னார்கள். 1967-இல் அண்ணாவின் மந்திரிசபை இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. இனி நடப்பவை மட்டுமல்ல, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றது. இன்றைக்கு அந்தப் பேரப்பிள்ளைகள் வீட்டுக் கலியாணங்களில் நாமெல்லாம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். கலாசாரம் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்கிறது.

2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசுக்கு ஒரு யோசனை சொன்னார். கலியாணம் என்ற பெயரே வேண்டாம். சேர்ந்து வாழ்கிற இருவர் தங்களைக் குடும்பமாகப் பதிவு செய்துகொள்ள ஒரு பத்திரம் இருக்கட்டும் என்று. ஒத்தி, கிரயம், பாகப்பிரிவினை, விடுதலை என்று எத்தனை விதப் பத்திரங்கள் நம் பதிவு அலுவலகங்களில் எழுதப்படுகின்றன! அண்ணனும் தம்பியும் உறவை அறுத்துக்கொள்ள முத்திரைத் தாள் விற்கிறோம். இரண்டு பேர் ஒட்டியிருக்க ஒரு தாள் கேட்கிறார்கள். 1967-இல் முடிந்த காரியம் இப்போது ஏன் முடியாது என்பதற்குச் சட்டசபையில் யாராவது எழுந்து காரணம் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் வீட்டுக்காரர்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அதற்குச் சட்டம் வேண்டாம். தை பிறக்கப் போகிறது, ஜாதக நோட்டோடு தரகர் வருவார். அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள், இந்தப் பையனுக்குப் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ஏன் என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.