பத்து டிகிரி சாய்வு போதும் சாமி

ஆபீஸ்ல பொட்டி தட்டுறவன் காருக்கு ஆயில் மாத்துறதைப் பத்தி என்ன பேசப் போறான்னு நினைக்கிறவங்க இப்பவே அடுத்த கடைக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

மத்தவங்களுக்கு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அமெரிக்காவுல கராஜ் வச்ச வீட்டுக்குக் குடி போன நம்மாளுங்க நிறைய பேருக்கு, "ஆயிலை நாமளே மாத்துனா என்ன?"ங்கிற ஆசை ஒரு கட்டத்துல வருது. ஆசை வந்த கையோட கடைக்குப் போய் ஒரு ஜாக்கியும் ரெண்டு ஸ்டாண்டும் வாங்கிட்டு வந்துடறாங்க. வரிசை தப்புங்கிறது என் கட்சி. முதல்ல வாங்க வேண்டியது ஒரு ஜோடி ராம்ப். அதுவும் கடை வாசல்லயே அடுக்கி வச்சிருக்கிற குட்டை ராம்ப் வேணாம். தாழ்வான கார்களுக்குன்னு நீளமா, சாய்வு கம்மியா வருதே, அந்த லோ ப்ரொஃபைல் ராம்ப்.

ராம்ப்னா ஒண்ணும் பெரிய சமாசாரம் இல்லை. சக்கரம் ஏறிப் போய் மேல உக்காந்துக்கிற மாதிரி ரெண்டு சாய்வான மேடை, அவ்வளவுதான். நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ் கடையில வண்டியை ஏத்தி நிறுத்துற சிமெண்ட் மேடைக்குக் குட்டித் தம்பின்னு வச்சுக்கங்க. முன்சக்கரம் ரெண்டும் ஆறரை அங்குலம் மேல போனாலே, ஒரு ஆள் அடியில மல்லாக்கப் படுத்து கையை நீட்டி போல்ட்டைக் கழட்ட இடம் கிடைச்சுடும்.

இந்த லோ ப்ரொஃபைல் ராம்ப்பை ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவன் பம்பர்ல கீறல் விழாம இருக்க வாங்குற பகட்டுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. பம்பர் விஷயம் நிஜம்தான். கணக்கையும் பாத்துடலாம். சாதா பிளாஸ்டிக் ராம்ப் சுமார் 17 டிகிரி சாய்வுல இருக்கும். ஆறரை அங்குலம் ஏத்த அதுக்கு 21 அங்குல நீளம் போதும். அதே உயரத்தை 10 டிகிரியில ஏத்தணும்னா 37 அங்குலம் வேணும். என்கிட்ட இருக்கறது 2001 மாடல் மாஸ்டா மியாட்டா. பழைய ஓனர் புண்ணியத்துல ஸ்பிரிங் மாத்தி இன்னும் கொஞ்சம் தரையைத் தொட்டுக்கிட்டு நிக்கிற வண்டி. டயர் தரையைத் தொடுற இடத்துலேர்ந்து பம்பரோட அடி உதடு 24 அங்குலம் முன்னாடி, தரையிலேர்ந்து 5 அங்குல உயரத்துல இருக்கு. 17 டிகிரி ராம்ப் 5 அங்குல உயரத்தை பதினாறரை அங்குலத்துலயே எட்டிடும். அதாவது டயர் ராம்ப்பைத் தொட இன்னும் ஏழெட்டு அங்குலம் பாக்கி இருக்கும்போதே பம்பர் போய் இடிச்சு நிக்கும். 10 டிகிரியில அந்த உயரம் வர்றது 28 அங்குலத்துல. டயர் ஏற ஆரம்பிக்கிறப்போ பம்பருக்கும் ராம்ப்புக்கும் நடுவுல முக்கால் அங்குலம் மிச்சம் இருக்கும். முக்கால் அங்குலம் போதும், அதுக்கு மேல மூக்கும் சேர்ந்து தூக்கிக்கும். உங்க வண்டிக்கும் ஒரு டேப் எடுத்து இந்த ரெண்டு அளவையும் பாத்துட்டு கடைக்குப் போங்க.

ஆனா என் வாதம் பம்பரைப் பத்தினது இல்லை. உங்க வண்டி உசரமான எஸ்யூவியா இருந்தாலும் நான் சாய்வு கம்மியா இருக்கிறதைத்தான் வாங்கச் சொல்லுவேன். காரணம், முதல் வருஷம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ்ல படிச்சு, பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்த சாய்தளக் கணக்கு.

மியாட்டா பின்சக்கர இழுவை வண்டி. முன்சக்கரம் சும்மா உருளுது, பின்னாடி இருந்து தள்ளித்தான் அது ராம்ப்ல ஏறுது. அப்போ அந்தச் சக்கரம் ராம்ப்பையும் முன்னாடி தள்ளும். எவ்வளவு தள்ளும்? சக்கரத்து மேல இருக்கிற எடையை சாய்வுக் கோணத்தோட டேன் மதிப்பால பெருக்குனா வந்துடும். வண்டி மொத்தம் 2,400 பவுண்டு, ஒரு சக்கரத்துக்கு 600ன்னு வச்சுக்குவோம். 17 டிகிரியில தள்ளுறது 180 பவுண்டுக்கு மேல. 10 டிகிரியில 106. இதைத் தாங்கிப் பிடிக்கிறது ராம்ப்புக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற உராய்வு மட்டும்தான். உராய்வுக் கெழு முன்னதுக்குக் குறைஞ்சது 0.31 வேணும், பின்னதுக்கு 0.18 போதும். இதுல வேடிக்கை என்னன்னா, வண்டி எடை கூடுனாலும் குறைஞ்சாலும் இந்தக் கெழு மாறாது, கோணத்தை மட்டும்தான் பொறுத்தது. கராஜ் தரையில பெயிண்ட் அடிச்சு, மேல ரெண்டு சொட்டு ஆயிலும் கொஞ்சம் மண்ணும் விழுந்திருந்தா 0.31 கிடைக்கும்னு நம்பி ஏத்த நான் தயாரில்லை. ராம்ப் பாதியில வழுக்கிட்டு ஓடி, வண்டி தொபுக்கடீர்னு விழுறதெல்லாம் இப்படித்தான் நடக்குது.

கேம்ரி, சிவிக் மாதிரி முன்சக்கர இழுவை வண்டிகள்ல கதை கொஞ்சம் வேற. அங்க சக்கரமே இழுத்துக்கிட்டு ஏறும். நிதானமா ஏத்துனா ராம்ப் மேல பெரிய தள்ளு இருக்காது. வெடுக்குனு மிதிச்சா ராம்ப் பின்னாடி உருவிக்கும், மேல போய் சடார்னு பிரேக் அடிச்சா முன்னாடி ஓடும். சாய்வு கம்மின்னா ஆக்சிலரேட்டரையே ரொம்ப மிதிக்க வேண்டியதில்லை. ராம்ப்புக்கு அடியில ஒரு ரப்பர் விரிப்பு போடுறது ரெண்டு வகை வண்டிக்கும் நல்லது.

சரி, ஜாக்கி என்ன பாவம் பண்ணுச்சு? ஒண்ணும் பண்ணலை. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்லைங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அதுக்குத்தான் ஸ்டாண்ட். அந்த ஸ்டாண்டுலயே கை வச்சாங்க 2020ல. ஹார்பர் ஃப்ரைட் கடைக்காரங்க வித்த 3 டன், 6 டன் ஸ்டாண்ட்கள் சுமார் 17 லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. உள்ள இருக்கிற பல்சக்கரம் ஆழமாப் பதியாம திடீர்னு இறங்கிடலாம்ங்கிறது காரணம். கூத்து என்னன்னா, மாத்திக் கொடுத்த ஸ்டாண்ட்கள்ல ஒரு ரகத்தையும் வெல்டிங் சரியில்லைன்னு அதே வருஷம் திரும்ப வாங்க வேண்டியதாப் போச்சு. எல்லா ஸ்டாண்டும் மோசம்னு சொல்ல வரலை. நல்ல ஸ்டாண்ட் பல வருஷம் நிக்கும். ஆனா ஜாக்கி, ஸ்டாண்ட் முறையில சரியா நடக்க வேண்டிய காரியம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. ஜாக்கியை சரியான இடத்துல கொடுக்கணும், தாழ்வான வண்டின்னா அந்த ஜாக்கி முதல்ல உள்ள நுழையணும், ரெண்டு ஸ்டாண்டும் ஒரே உயரத்துல பூட்டணும், வண்டியோட அடி விளிம்பு நசுங்காம உக்காரணும், மெதுவா இறக்கணும். புதுசா பண்றவன் இதுல ஒண்ணைத் தவற விட்டாலும், அப்புறம் போய்ப் படுக்கப் போறது அதே வண்டிக்கு அடியிலதான். ராம்ப்ல வண்டி தன்னோட டயர்லயேதான் நிக்குது. பூட்டு இல்லை, பல் இல்லை, சீல் இல்லை.

இது எனக்கு உறைச்சது ஒரு போல்ட்டால. முன்னாடி ஒரு தடவை அவசரத்துக்கு பக்கத்துல ஒரு விரைவு ஆயில் கடையில விட்டிருந்தேன் (பேர் வேணாம்). ஆயில் வடிக்கிற போல்ட்டை அவங்க முறுக்கி வச்சிருந்த முறுக்குல, அடுத்த தடவை அது சாதா ஸ்பானருக்கு அசையவே இல்லை. ரெண்டடி நீளக் கம்பியை மாட்டி, படுத்துக்கிட்டே ரெண்டு கையாலயும் இழுத்தேன். மொத்த வண்டியும் ஆடுச்சு. ராம்ப் மேல நாலு டயர்ல நின்ன வண்டி, அதனால ஸ்பிரிங் கொஞ்சம் அசைஞ்சு அடங்கிடுச்சு. அதே இழுவையை ஸ்டாண்ட் மேல நிக்கிற வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இழுக்க எனக்கு மனசு வராது.

ராம்ப்பால எல்லாம் ஆகாது. சக்கரத்தைக் கழட்ட வேண்டிய வேலை, பிரேக் பேட், சஸ்பென்ஷன் இதுக்கெல்லாம் ஜாக்கியும் ஸ்டாண்டும்தான் கதி. டிஃபரென்ஷியல் ஆயில் மாத்துறதுன்னா வண்டி சமமா நிக்கணும், ஏன்னா ஊத்துற ஓட்டை வழியா வழியிற வரைக்கும் ஊத்துறதுதான் அளவு. முன்னாடி மட்டும் தூக்கி வச்சா அளவு தப்பும். ஆனா வீட்ல பண்றவங்க வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பண்றது ஆயில் வேலைதானே? அப்படியே அடியில எங்கயாவது ஒழுகுதா, ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு ஒரு பார்வை. அதுக்கு எது தோதோ அதை முதல்ல வாங்குங்கன்னு சொல்றேன், ஜாக்கி பின்னாடி வரட்டும்.

விலைதான் உதைக்கும். கெட்டி நுரையில செஞ்சு மேல பூச்சு கொடுத்த நீள ராம்ப் எல்லாம் சாதா பிளாஸ்டிக் ராம்ப்பை விட பல மடங்கு விலை. சில மாடல்ல ஏறுன பிறகு முன்பக்கச் சாய்வைத் தனியா உருவி எடுத்துடலாம், பக்கவாட்டுல நுழைய வசதி. அவ்வளவு செலவு பண்ண மனசில்லைன்னா பலகை இருக்கு. இங்க மரக்கடையில 2க்கு 12னு விக்கிற பலகை நிஜத்துல ஒன்றரை அங்குலத் தடிமன், பதினொன்னேகால் அங்குல அகலம். (பேரு ஒண்ணு, அளவு ஒண்ணு. இந்த ஊர் மரக்கடை அப்படித்தான்.) நாலு பலகையை ஒண்ணு மேல ஒண்ணா படிக்கட்டு மாதிரி அடுக்கி திருகாணி போட்டா 6 அங்குலம். ஒவ்வொரு படியும் எட்டரை அங்குலம் உள்ள தள்ளி இருந்தா சராசரிச் சாய்வு கச்சிதமா 10 டிகிரி. மேல் பலகை 14 அங்குலமாவது இருக்கட்டும், அதோட கடைசியில சக்கரம் தாண்டிப் போகாம ஒரு குறுக்குக் கட்டை அவசியம். வெடிப்பு விட்ட பலகை வேண்டவே வேண்டாம். 2க்கு 10 பலகை இன்னும் மலிவு, ஆனா அகலம் ஒன்பதேகால்தான். 205 மில்லிமீட்டர் டயருக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குலம்தான் மிஞ்சும், எனக்கு அது பத்தாது.

ஏத்துற விஷயத்துல லாரி கிளீனருங்க கிட்ட கத்துக்கணும். வண்டி நின்னதும் அவங்க முதல்ல ஓடிப் போய்ப் போடுறது சக்கரத்துக்குக் கட்டை. முன்பக்கத்தை ஏத்துனா தரையில இருக்கிற பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, கூடவே ஹேண்ட் பிரேக். பின்பக்கத்தை ஏத்துறவங்க ஒண்ணு கவனிங்க. பெரும்பாலான கார்ல ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின்சக்கரத்தை மட்டும். அது ரெண்டும் ராம்ப் மேல இருக்கும்போது, தரையில நிக்கிற முன்சக்கரத்துக்குக் கட்டைதான் காவல். தெருவைப் பாத்து சரியிற டிரைவ்வேல இந்த வேலையே கூடாது, கராஜுக்குள்ள சமதளத்துல மட்டும். எங்க வீட்ல தங்கமணி பக்கவாட்டுல நின்னு சைகை காட்டுவாங்க. முன்னாடி நிக்கக் கூடாதுங்கிறது கண்டிப்பு. நான் சொன்னதைக் கேட்டு அவங்க நடக்குற ஒரே இடம் அதுதான் :-)

"ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருக்கிறதுக்கு கடையில இருபது நிமிஷத்துல முடிச்சுடலாமே, என்னத்த மிச்சம் பிடிச்ச?"ன்னு கேக்குற நண்பர்கள் உண்டு. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரத்துக்கு விலை போட்டா மிச்சம் பெருசா இல்லைதான். காசுக்காகப் பண்றவங்க கடைக்கே போகலாம். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு வேற வழியும் இல்லை, நிறைய இடத்துல வாடகை ஒப்பந்தத்துலயே பார்க்கிங்ல ரிப்பேர் வேலை கூடாதுன்னு இருக்கும். எலெக்ட்ரிக் கார் வாங்கினவங்க சிரிச்சுக்கிட்டே கடந்து போகலாம். எனக்கு என் வண்டியோட அடிப்பக்கத்தை வருஷத்துக்கு ரெண்டு தடவை என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு முழுசா வெளிய வரணும். அந்த ரெண்டாவதுக்குத்தான் இந்த 10 டிகிரி.

ஆயில் ஊத்துன பிறகு கராஜ் கதவை முழுசா திறந்து வச்சு எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட விடுங்க. அப்புறம் நிறுத்திட்டு, போல்ட்லயும் ஃபில்டர்லயும் ஒழுகுதான்னு பாருங்க. வடிச்ச சட்டியை வெளிய இழுத்துட்டு, கட்டையை எடுத்துட்டு, பிரேக்கை மெதுவா விட்டு இறக்குங்க. டிப்ஸ்டிக் பாக்குறது சமதளத்துக்கு வந்த அப்புறம்தான். மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும்போது பாத்த அளவு செல்லாது. பழைய ஆயிலை புது ஆயில் வந்த கேன்லயே ஊத்தி மூடி ஆட்டோசோன் மாதிரி பார்ட்ஸ் கடையில கொடுத்தா இலவசமா வாங்கிக்கிறாங்க. நிமிர்த்தி வச்சு எடுத்துட்டுப் போங்க. மியாட்டா டிக்கியில அந்தக் கேனை வச்சா அப்புறம் காய்கறிப் பைக்கு இடம் இருக்காது, அதுக்கு இன்னொரு நடை.