சாகத் தெரிந்த கலங்கள்

கொரோனா நேரம் நாங்களும் கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சனாங்கள்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இப்ப எந்தப் பைக்கற்றை எடுத்தாலும் 'நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' எண்டு எழுதியிருக்கு. இந்தக் 'கூட்டும்' என்ற சொல்லோடதான் எங்களுக்குப் பிரச்சினை.

பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனத்தை ஒரு படையாகத்தான் படித்தோம். கிருமி எதிரி, வெண்குழியம் படைவீரன். சரி, சண்டை முடிந்த பிறகு அந்தப் படை எங்கே போகிறது? அதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நாங்களும் கேக்கேல்லை.

பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்பதுதான் பதில். ஒரு வைரசு தொற்றினால் அதை அடையாளம் காணும் ரி கலங்கள் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும். வைரசு ஒழிந்ததும் அவற்றில் 90 வீதமளவு சில வாரங்களுக்குள் அழிந்துவிடும். மிஞ்சுகிற கொஞ்சம்தான் அடுத்த முறைக்கான ஞாபகம்.

இந்தச் சாவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. கலத்தின் மேற்பரப்பில் ஃபாஸ் என்றொரு புரதம் உண்டு. அதற்குப் பொருந்தும் இன்னொரு புரதம் வந்து ஒட்டினால் 'போதும்' என்ற செய்தி உள்ளே போகும். காஸ்பேஸ்-8 என்ற நொதியம் விழிக்கும். அது காஸ்பேஸ்-3ஐ எழுப்பும். அது கலத்தின் புரதங்களை வெட்டத் தொடங்கும். கலத்தை வாழவைத்த சைகைகள் குறைந்தால், இழைமணி வழியாகவும் இதே முடிவு வரும். கலம் வெடிக்காது. சுருங்கி, சின்னப் பொதிகளாகப் பிரியும். தின்குழியங்கள் அவற்றை விழுங்கிவிடும். பக்கத்துக் கலத்துக்குச் சேதமில்லை. 1972இல் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தவர்கள், இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள்.

ஃபாஸ் மரபணு பழுதானால்? சாகவேண்டிய நிணநீர்க்குழியங்கள் தேங்கும். நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கும். சொந்தக் குருதிக் கலங்களையே உடல் தாக்கும். அரிதாக என்றாலும், இந்தக் குறையோடு பிறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'கூட்டும்' எண்டு சொல்லேலுமோ?

எங்களைப் பொறுத்தவரை நல்ல நிர்ப்பீடனம் என்பது தொடங்கவும் நிற்பாட்டவும் தெரிந்த ஒன்று. நிற்பாட்டுறதைப் பைக்கற்றில அடைச்சு விக்கேலாது. அதால விளம்பரம் அதைச் சொல்லாது. வகுப்பறையிலயாவது சொல்லலாம்தானே. படைக் கதையைச் சொல்லுறதெண்டால் முழுசாச் சொல்லுவம்: எழும்பத் தெரிஞ்ச அந்தப் படைக்குக் கலையவும் தெரிஞ்சிருக்கிறதாலதான் நாங்கள் உயிரோட இருக்கிறம்.