மருந்துச் சீட்டில் எழுத முடியாதது

கேள்வி: "ஊசி போடுவதும் மாத்திரை எழுதுவதும்தான் டாக்டர் வேலை. சில டாக்டர்கள் காடு, மண், விதை என்று பேசுகிறார்களே, அது அவர்களுக்கு எதற்கு? அதனால் விவசாயிக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?"
– ஒரு வாசகர், அனந்தபுரம், செஞ்சி வட்டம்.

நடந்திருக்கிறது. அனந்தபுரத்திலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. திருவண்ணாமலை போய், தானிப்பாடியைத் தாண்டி அரூர் பக்கம் திரும்பினால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. தருமபுரி மாவட்டம். மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் ஊர்கள். சுற்றிலும் காப்புக்காடு, நடுவில் மானாவாரி நிலம்.

1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி அங்கே வந்து சேர்ந்தார்கள். இருவரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, ஊரிலேயே தீர்த்திருக்க வேண்டிய வயிற்றுப்போக்குக்கும் பிரசவத்துக்கும் சனங்கள் எங்கெங்கிருந்தோ வந்து நிற்பதைப் பார்த்தார்கள். அப்படியானால் டாக்டர் இருக்க வேண்டிய இடம் எது என்ற கேள்விதான் அவர்களைச் சிட்லிங்கிக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு டாக்டரைப் பார்க்க 48 கிலோமீட்டர் போக வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போயின.

ஊர்க்காரர்களே கூரைக் குடிசை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் ஆஸ்பத்திரி. பிரசவமும் அதற்குள்தான், அறுவை சிகிச்சையும் அதற்குள்தான். வெளியிலிருந்து நர்ஸ் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். இந்த முயற்சிக்கு 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்று பெயர். ஆண்டுகள் போகப் போகக் குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. நல்ல டாக்டர்கள் என்று பெயர் வாங்கி அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்காததற்குக் காரணம் உண்டு. சாவு குறைந்தது, நோய் குறையவில்லை. வேறு உருவத்தில் வந்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று மலைச் சனங்களே வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பத்து வயது ஆன சமயம், அந்தக் குழு பள்ளத்தாக்கு முழுக்க ஊர் ஊராக நடந்துபோய், அடுத்து என்ன செய்யலாம் என்று சனங்களையே கேட்டது. கேட்டது ஆஸ்பத்திரிக்காரர்கள், சனங்கள் சொன்னதோ விவசாயத்தைப் பற்றி. உரம், பூச்சிமருந்து, விதை என்று எல்லாவற்றுக்கும் கடன். விளைந்ததை விற்றால் கடன் அடைவதில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் மற்ற ஊர்களுக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். ராகி, சாமை, கம்பு இருந்த காட்டில் பருத்தி வந்தது. பானையில் ரேஷன் அரிசி வந்தது.

இதை மருந்துச் சீட்டில் எப்படி எழுதுவது? நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்ட சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். கம்பில் இரும்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு. ராகி போடும் நிலத்தைக் காலி செய்துவிட்டு, கர்ப்பிணிக்கு மாத்திரை கொடுத்தால் அந்த மாத்திரை எத்தனை நாளைக்குத் தாங்கும்? இன்னொன்றையும் கிராமத்து டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வியர்வை கொட்டி, வாயில் எச்சில் வழிந்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி ஒருவரைத் தூக்கி வந்தால், பூச்சிமருந்து நஞ்சு என்றுதான் முதலில் நினைப்பார்கள். அட்ரோபின் ஊசியை எடுப்பார்கள். மருந்தடிக்கும்போது மூக்கில் துணிகூடக் கட்டாமல் காற்றுக்கு எதிரே நடப்பவர்கள் செஞ்சிப் பக்கமும் உண்டு. (இப்படி ஆகிவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

அதனால் சிட்லிங்கியில் ஆஸ்பத்திரி, விவசாயத்துக்குள் இறங்கியது. சில பேர் மட்டும் முதலில் ரசாயனத்தை விட்டார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதில் தப்பும் இல்லை, ஒரு போகம் போனால் சோறு போகும். வேடிக்கை பார்த்தவர்களில் பலர் பிறகு வந்து சேர்ந்தார்கள். அதுதான் 'சிட்லிங்கி ஆர்கானிக் ஃபார்மர்ஸ் அசோசியேஷன்', சுருக்கமாக 'சோஃபா'. இன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதில் இருக்கின்றன. மஞ்சள், பருத்தி, சிறுதானியம் எல்லாம் சங்கம் வழியாகவே விலைபோகின்றன. பெண்கள் சிறுதானியத்தில் மாவு, பிஸ்கட் செய்து விற்கிறார்கள். லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த பூத்தையலை மறுபடி கையில் எடுத்ததும் இதே முயற்சியின் கிளைதான். டாக்டர்கள் யாருக்கும் உழக் கற்றுக்கொடுக்கவில்லை; அது அந்த மக்களுக்கே தெரியும். சேர்ந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் கொடுத்தார்கள், கூடவே நின்றார்கள்.

டாக்டர்களுக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது. சென்னை மாகாணத்தில் காட்டைக் காக்க 1856-ல் முதல் அதிகாரியாக அமர்த்தப்பட்ட ஹ்யூ கிளெக்ஹார்ன் ஒரு வெள்ளைக்கார டாக்டர்தான். காடு அழிந்தால் மழையும் ஊற்றும் போகும் என்று கவலைப்பட்டவர்கள் அன்றே இருந்தார்கள். ஆனால் அவர் மலை மக்களின் காடெரித்துப் பயிர் செய்யும் முறையைப் பெரிய குற்றமாகப் பார்த்தார். ரயில் பாதைக்கு வெட்டிய மரமும் காட்டைத் தின்றது, அந்தப் பழியும் சேர்த்து ஏழை தலையில் விழுந்தது. சிட்லிங்கி டாக்டர்கள் தொடங்கிய இடம் அதற்கு நேர் எதிர். காட்டோரம் இருப்பவன் வயிறு நிறைந்தால் காடு நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஈரோட்டில் மயக்க மருந்து நிபுணராக இருந்த டாக்டர் ஜீவானந்தத்தையும் சொல்ல வேண்டும். பசுமை இயக்கம் நடத்தி, ஆற்றில் கலக்கும் சாயக் கழிவுக்கு எதிராகக் குரல் கொடுத்து, ஜே.சி. குமரப்பாவின் எழுத்துகளைத் தமிழில் கொண்டுவந்து, 2021 மார்ச்சில் மறையும் வரை ஓயாதவர்.

இனி அனந்தபுரத்துக்கு வருவோம். செஞ்சிப் பக்கம் பாக்கமலைக் காடு இருக்கிறது. சங்கராபரணி அங்கேதான் பிறந்து வீடூர் அணைக்கு வருகிறது. மலை மொட்டையானால் முதலில் தெரிவது உங்கள் கிணற்றில்தான். ஊர் டாக்டர் வந்து சொல்லும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் 'பி.ஜி.எஸ்' என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாகப் பதிவு செய்யலாம். ஒருவர் நிலத்தை மற்றவர்களே பார்த்துச் சான்று தரும் முறை அது. ரசாயனம் விட்ட முதல் ஆண்டு மகசூல் குறையும் வாய்ப்பு உண்டு, அதை மறைத்துச் சொல்லக் கூடாது. ஆகவே ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் முழுதையும் மாற்ற வேண்டாம். மணிலா போடும் நிலத்தில் கால் ஏக்கர் ஒதுக்கி, ராகியோ கம்போ போட்டு, முதல் விளைச்சலை மூட்டை கட்டாமல் வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த போகத்தில் பக்கத்து நிலத்துக்காரர் கேட்கும்போது காட்ட அது வேண்டும்.