மிசோவும் மாசியும்

சமையலைப் பற்றி எழுதுவதற்கு இலக்கியப் பகுதி தக்க இடமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பண்பாடு ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. அடுக்களைப் பானையிலும் அது வாழ்கின்றது. ஒரு சமூகம் எதை விரும்பி உண்கிறது என்பதைக் காட்டிலும், எதை உண்ண நாணுகிறது என்பதே அதன் மனநிலையைத் தெளிவாகக் காட்டும்.

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மேட்டைக் கடந்து, இலுக்கும்புர வழியே இறங்கினால் லக்கல. அங்கே ஆசிரியப் பணி புரிபவன் நான். ஜப்பானில் தொழில் பார்த்துத் திரும்பிய பழைய மாணவர் ஒருவர், மிசோ நிறைந்த சிறு பெட்டியொன்றை அன்பளிப்பாகத் தந்தார். ஆசிரியர் அறையில் அதனைத் திறந்தபோது, அதன் மணத்தைப் புகழாதவர் இல்லை. அன்று நண்பகல் வகுப்பில் ஒரு சிறுமி, தான் கொண்டுவந்த குரக்கன் ரொட்டியையும் மாசிச் சம்பலையும் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்து உண்டாள். “மணக்கும் ஐயா” என்றாள். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

மிசோ என்பது யாது? அவித்து மசித்த சோயா அவரையுடன் உப்பையும் ‘கோஜி’யையும் சேர்த்து நொதிக்கவிட்ட களி. அரிசியிலோ வாற்கோதுமையிலோ வளர்த்தெடுத்த ஒருவகைப் பூஞ்சணமே கோஜி. வெண்ணிற மிசோ சில வாரங்களிற் பக்குவமாகும். செந்நிறத்ததற்கு ஓராண்டும் அதற்கு மேலும் வேண்டும். ஒக்கசாக்கி நகரிலோ, பெரிய மரத்தொட்டிகளின் மேல் கற்களை அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் காத்திருக்கின்றனர். இங்கே காலமும் ஒரு சமையற்காரன்.

ஜப்பானியர் மிசோவை வெறும் நீரிற் கரைப்பதில்லை. கடற்பாசியும் ‘கட்சுவோபுஷி’ என்னும் உலர்மீனும் இட்ட சாற்றிலேயே பெரும்பாலும் கரைப்பர். 1908இல் கிகுனே இகேடா என்னும் அறிஞர் அக்கடற்பாசியிலிருந்து குளுட்டாமேற்றைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணாக்கர் ஷிந்தாரோ கொடாமா, உலர்மீனின் சுவைக்கு இனோசினேற்று காரணமெனக் கண்டார். இவ்விரண்டும் கூடுமிடத்துச் சுவை பன்மடங்காகும். மிசோவில் முன்னையது மிகுதி.

அந்த உலர்மீன் எது? சூரை மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்தியது. நம் மாசியும் அதுவே அன்றோ! மாலைதீவிலிருந்து இம்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் சென்றதைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா குறித்திருக்கின்றார். ஒரே மீன், ஒரே முறை; ஜப்பானியன் பெருமையாக மேசை மேல் வைக்கிறான், நம் சிறுமி மேசைக்கு அடியில் மறைக்கிறாள்.

“அந்நிய உணவு நமக்கெதற்கு?” என்போருடன் நான் உடன்படேன். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக வந்து நம்முடையதாயிற்று. சோயாவும் திரிபோஷ மாவிலும் சோயா மீற்றிலும் நம் வீடு புகுந்துவிட்டது. ஆனால் அந்நியமானது என்பதனாலேயே போற்றுவோருடனும் உடன்படேன். தன் வீட்டுச் சுவையை அறியாதவன் பிறர் சுவையையும் அறியான்.

ஆகவே நான் செய்தது இது: மாசித் துண்டுகளைத் தட்டிக் கொதிக்கவைத்து வடித்தேன், அச்சாற்றிற் பூசணித் துண்டும் முருங்கையிலையும் வேகவிட்டு இறக்கினேன். பிறகே, ஒரு கிண்ணத்துக்கு ஒரு கரண்டி மிசோவைக் கரைத்தேன். மிசோவைக் கொதிக்கவிட்டால் மணம் கெடும். அதிலேயே உப்பு மிகுதியாதலின் வேறு உப்பு வேண்டா.

மிசோவை வீட்டிலேயே ஆக்க விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. தானியத்திற் தானே படியும் பூஞ்சணத்தைக் கோஜியென மயங்கலாகாது. அதன் நெருங்கிய உறவினமொன்று, கச்சானிலும் சோளத்திலும் படிந்து, ஈரலைக் கெடுக்கும் அஃபிளாடொக்சின் நஞ்சை உண்டாக்கும். நம்பத்தகுந்த கோஜி வித்து இன்றி இம்முயற்சியில் இறங்கற்க.

மறுவாரம் அச்சாற்றை வகுப்பிற் பகிர்ந்தளித்தேன். ஜப்பானிய உணவென்று மாணவர் ஆவலுடன் பருகினர். இதன் சுவையிற் பாதி மாசியினுடையது என்று கூறியபோது, அச்சிறுமி தலைநிமிர்ந்தாள். பாடநூலிற் சுயமரியாதை கற்பிக்கும் நாம், மாணவரின் உணவுப் பொட்டலத்திலும் அதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதே என் துணிபு.