லைசென்ஸ் வேண்டாம்... வாத்தியார் வேண்டும்!



ஆண்டு மலர் என்றாலே அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, நட்பைப் பற்றி இரண்டு கவிதை, பிரியப் போகிறோமே என்று ஒரு கண்ணீர்க் கட்டுரை. நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். பயந்து விடாதீர்கள்! இது மருந்து வெடிக்கும் துப்பாக்கி அல்ல. காற்றால் சுடும் ஏர் ரைபிள். மெரீனாவிலோ ஊர்த் திருவிழாவிலோ நாம் எல்லோரும் பலூன் சுட்டிருப்போமே, அதன் அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

லீவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை வாங்கித் தந்தது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் என்று படித்ததிலிருந்து மனசுக்குள் ஒரு ஆசை. கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆதார் நகலை வாங்கினார். நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். "லைசென்ஸ் எல்லாம் கிடையாது தம்பி, பயப்படாம கொண்டு போங்க" என்றார். அவ்வளவுதான்!

அவர் சொன்னது சரிதான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.-க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எப்படிப் பிடிப்பது, எதன் மேல் சுடுவது, எதன் மேல் சுடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை. இந்தக் கட்டுரையே அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

முதல் பார்வை

பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. நம் மெஷின் ஷாப்பில் புது மெஷினைப் பிரித்தால் வருமே, அதே வாசனை! தூக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 3 கிலோ. பலூன் கடையில் மேஜை மேல் முட்டுக் கொடுத்துச் சுட்டபோது கனம் தெரியவில்லை. நின்றுகொண்டு பிடித்தால் இரண்டே நிமிடத்தில் இடது கை நடுங்குகிறது. என் அம்மாவின் முதல் விமர்சனம்: "இந்தச் சனியனை எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

இது ஸ்பிரிங் பிஸ்டன் வகை. குழலை மடக்கிக் கீழே இழுத்தால் உள்ளே பிஸ்டன் பின்னுக்குப் போய் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஒரு கொக்கி பிஸ்டனைப் பிடித்துக் கொள்கிறது. ட்ரிக்கரை இழுத்ததும் கொக்கி விடுபட, பிஸ்டன் முன்னே பாய, சிலிண்டரில் உள்ள காற்று நசுங்கிச் சூடேறி பெல்லட்டைத் தள்ளுகிறது. அடியபேடிக் கம்ப்ரெஷன்! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்து போன பாடம், தோளில் இடித்து ஞாபகப்படுத்தியது. முதல் நாலைந்து ஷாட்டுக்குக் குழல் முனையில் லேசாகப் புகை வந்தது. ரைபிள் பழுதோ என்று பயந்தே போனேன். தயாரிப்பின்போது பூசிய எண்ணெய் அந்தச் சூட்டில் எரிகிற புகைதான் அது. டீசல் எஞ்சின் தத்துவமேதான்!

இனி என் தப்புகளின் பட்டியல்.

பெல்லட் போடாமலே "டப் டப்" என்று சுட்டுப் பார்த்தேன். பெல்லட் இருந்தால்தான் முன்னால் நசுங்கும் காற்று பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி. பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் போய் இரும்பில் மோதும். புது ரைபிளின் ஆயுளை நானே குறைத்துக் கொண்டிருந்தேன்.

சினிமாவில் பார்த்தபடி தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். பெல்லட் கண்ட இடத்துக்குப் போனது. ஸ்பிரிங் ரைபிள் இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னே ஓடும்போது ரைபிள் பின்னால் வரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் போகும். இது நடந்து முடியும்போதுதான் பெல்லட் குழலை விட்டு வெளியேறுகிறது. அதனால் இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தி வைத்த மாதிரி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி உதைக்க நாம் இடம் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை டின் பெல்லட் செலவானது!

மூன்றாவது தப்பு கண்ணில். பின் சைட், முன் சைட், குறி என மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. கண்ணால் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். முன் சைட்டைத்தான் பார்க்க வேண்டும், குறி மங்கலாக இருந்தால் பரவாயில்லை. நான் குறியையே முறைத்துக் கொண்டிருந்தேன்.

பலன்? முதல் பத்து ஷாட்டில் ஐந்துதான் அட்டையில் பட்டது. அந்த ஐந்தையும் மூட ஒரு சாப்பாட்டுத் தட்டு வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பத்தையும் ஒரு டம்ளர் வாய்க்குள் அடக்க முடிந்தது. அந்த ஒரு வாரச் சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது! கை, கண், மூச்சு மூன்றும் ஒரு நொடி அடங்கி நிற்கிறது. பரீட்சை, அரியர், வீட்டுக் கவலை எதுவும் அந்த நொடியில் இல்லை. இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப் போனது. பிடித்துப் போனதால்தான் அடுத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த ஒரு பெல்லட்

மொட்டை மாடியில் ஒரு பழைய கதவுப் பலகையைச் சுவரில் சாய்த்து, அதில் அட்டையை ஒட்டியிருந்தேன். நல்ல வைரம் பாய்ந்த பலகை. கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று என் நினைப்பு. பத்தாவது படிக்கும் என் தங்கை துணி எடுக்க வந்தவள், "அண்ணே, ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டுப் போறேன்" என்று என் பின்னால் வந்து நின்றாள்.

சுட்டேன். "டொக்" என்ற சத்தம். அடுத்த நொடி "அம்மா!" என்ற அலறல்.

பெல்லட் பலகையில் பாயவில்லை. பட்ட வேகத்தில் திரும்பி வந்து அவள் நெற்றியில் பட்டது. புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே. ரத்தம் இல்லை, சிவந்து ஒரு வீக்கம், அவ்வளவுதான். இரண்டு நாளில் வற்றியும் விட்டது. ஆனால் நண்பர்களே, ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால்? இன்று நான் எழுத வேண்டியது இந்தக் கட்டுரை அல்ல.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெல்லட்டின் எடை அரை கிராம். விநாடிக்கு 180 மீட்டர் வேகம் என்று வைத்துக் கொண்டால், அரை எம்.வி. ஸ்கொயர், 8.1 ஜூல். கேட்க அற்பமாக இருக்கிறதா? ஏறக்குறைய 800 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் ஆற்றல் அது. அந்த அடி முழுவதும் 4.5 மி.மீ. விட்டத்தில், அதாவது வெறும் 16 சதுர மி.மீ. பரப்பில் இறங்குகிறது. இந்தக் கணக்கைச் சுடுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். மூன்று வருஷம் மெக்கானிக்கல் படித்தவன் நான்! வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அப்பா பக்கத்துத் தெரு முன்னாள் ராணுவ வீரரை அழைத்து வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, துப்பாக்கியில முதல்ல பார்க்க வேண்டியது குறியை இல்ல, குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னுதான்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் முனை மனிதர் பக்கம் திரும்பக் கூடாது. சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிக்கரில் போகக் கூடாது. கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. குழலை மடக்கி பெல்லட் போடும்போது ஒரு கை குழலை விடவே கூடாது. விட்டு, கொக்கி நழுவினால் விரல் போகும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடம் ஒரு வாரம் முன்பே கிடைத்திருந்தால்?

பறவை மேல் வேண்டாம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரைபிள் வாங்கிய செய்தி பரவியதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "மாப்ளே, கண்மாய்ப் பக்கம் எப்போ போறோம்? கொக்கு நிறைய இருக்காம்!" கொக்கும் மைனாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. சுட்டால் சிறை. அருணாசலப் பிரதேசத்தில் ஏர்கன்னால் பறவைகள் அழிவதைக் கண்டு, 2021-இல் அரசே துப்பாக்கி ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டு வந்து கொடுத்தார்கள். சட்டம் இருக்கட்டும். நிற்கிற கொக்கைச் சுடுவதில் என்ன வீரம்? ஒலிம்பிக் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. நம் டிராயிங் ஹாலில் பயன்படுத்தும் 0.5 மைக்ரோடிப் பென்சில் லெட்டின் தடிமன்! அதைப் பத்து மீட்டரிலிருந்து தொட்டுக் காட்டுங்கள், நான் கை தட்டுகிறேன்.

நம்மால் முடியாதா?

"இதுக்கெல்லாம் லைசென்ஸ் கட்டாயமாக்கணும்" என்பார்கள் சிலர். நான் ஏற்கவில்லை. லைசென்ஸ் என்பது ஒரு காகிதம். காகிதம் யாருக்கும் சுடக் கற்றுத் தராது. பலகையிலிருந்து பெல்லட் திரும்பி வரும் என்று சொல்லித் தராது. அதே நேரம், லைசென்ஸ் வேண்டாம் என்றால் பயிற்சியும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. நாம் அப்படித்தான் அர்த்தம் பண்ணிக் கொள்கிறோம். நானும் பண்ணிக் கொண்டேன்.

என் கருத்து இதுதான். நம் பாலிடெக்னிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் ரேஞ்ச் ஒன்று வேண்டும். மாணவர் பேரவை இதைக் கையில் எடுக்க வேண்டும்.

இடம் எங்கே என்கிறீர்களா? மைதானம் வேண்டாம். ஒரு நீண்ட அறை போதும். சுடுபவரிடமிருந்து அட்டை வரை 10 மீட்டர், ஒருவர் நிற்க 1 மீட்டர் அகலம். அட்டையின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். பழைய ஸ்டோர் ரூம் பக்கத்து ஷெட்டில் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியை நாமே செய்யலாம். தகட்டுப் பெட்டி, உள்ளே இரும்புத் தகட்டை 45 டிகிரி சாய்வாக வெல்டிங் செய்தால், படும் பெல்லட் திரும்பி வராமல் கீழே விழும். ஷீட் மெட்டல், வெல்டிங், ஃபிட்டிங் எல்லாம் நம் ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. எத்தனையோ ஜாப்களைச் செய்து ஸ்கிராப்பில் போட்டிருக்கிறோம். ஒன்றையாவது உபயோகமாகச் செய்வோமே!

"காலேஜ்ல துப்பாக்கியா? ஏற்கெனவே பசங்க அடிச்சுக்கறாங்க" என்று ஆசிரியர்கள் அஞ்சலாம். நியாயமான அச்சம். அதனால்தான் ரைபிள் மாணவன் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். ஸ்டோரில் பூட்டி, சாவி என்.சி.சி. அதிகாரியிடமோ பி.டி. மாஸ்டரிடமோ இருக்கட்டும். என்.சி.சி. மாணவர்கள் .22 ரைபிளால் சுட்டுப் பழகுவது நாட்டுக்குப் புதிதல்லவே! விதியை முதல் தடவை மீறியவன் அடுத்த நாள் ரேஞ்சுக்குள் வரக் கூடாது. அந்தக் கண்டிப்பே ஒரு படிப்பு.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெண்கலம் வென்ற ககன் நரங் பிறந்தது சென்னையில். டோக்கியோவிலும், 2024-இல் பாரிஸிலும் இந்தியாவுக்காக ஏர் ரைபிள் ஏந்திய இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், பயின்றது குஜராத்தில். பெரிய ஊர்களில் ரைபிள் கிளப்புகள் உண்டு. பஸ் பாஸில் வந்து போகும் நமக்கு அவை எட்டாத தூரம். நம் வகுப்பிலும் ஒரு நடுங்காத கை இருக்கலாம். அது தனக்கே தெரியாமல் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

என் ரைபிள் இப்போது அப்பாவின் பீரோவில் இருக்கிறது. சாவி அவரிடம். "சொல்லிக் குடுக்க ஒரு ஆளும் சுடுறதுக்கு ஒரு இடமும் காட்டு, அன்னைக்கே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அவரோடு நான் வாதாடவில்லை. அவர் கேட்பதும், நான் பேரவையிடம் கேட்பதும் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு நான் இங்கே இருக்கமாட்டேன். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் இருப்பீர்கள். கேளுங்கள், கிடைக்கும் வரை கேளுங்கள்!

— ஓர் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்