அப்பாவின் மைவி என்ன விலை?

"உங்கள் காரின் விலை என்ன? ஒரே நிமிடத்தில் தெரிந்துகொள்ளுங்கள்!"

இந்த மாதிரி விளம்பரங்களை வானொலியில் வாசிப்பவள் நான். உற்சாகம் குறையாமல், கடைசி வார்த்தையில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசிக்க வேண்டும். முப்பது விநாடிக்குள் அடக்க வேண்டும் என்பதால் ஒரு விஷயம் எப்போதும் விடுபட்டுப் போகும். அந்த ஒரு நிமிடத்தில் தெரிவது உங்கள் காரின் விலை அல்ல. உங்கள் கார் மாதிரியான கார்களின் விலை. உங்களுடையது எவ்வளவு என்பது, யாராவது பானெட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

அப்பாவின் மைவியை விற்றபோது இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2015-ஆம் ஆண்டுக் கார், 1.3 லிட்டர், ஆட்டோ கியர். அப்பா கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். 31 வருட ஓட்டம். இனிப்பு நீர் கண்ணைத் தொட்ட பிறகு, இரவில் எதிரே வரும் விளக்கெல்லாம் சிதறித் தெரிகிறது என்று அவரே சொன்னார். மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. ஒருநாள் சாவியை அம்மா கையில் கொடுத்து, "வித்துடுங்க. இனிமே எனக்கு வேணாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இயங்கலையில் விவரங்களைப் பதிந்தேன். 24,000 முதல் 27,500 ரிங்கிட் வரை கிடைக்கலாம் என்று வந்தது. இரண்டு எண்களையும் சத்தமாகத்தான் படித்தேன். அம்மா காதில் விழுந்தது இரண்டாவது மட்டும். மறுநாள் காலை சுவர் நாள்காட்டி ஓரத்தில் 27,500 என்று பென்சிலால் எழுதியிருந்தது.

இந்த நிறுவனங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் அந்தப் பென்சில் கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரியும். பெரும்பாலும் உங்கள் காரை வாங்குவது அந்த நிறுவனம் அல்ல. அவர்கள் காரைப் பரிசோதித்து, படமெடுத்து, குறைகளை எழுதி, பதிவு செய்துள்ள பழைய கார் வியாபாரிகளுக்கு அனுப்புகிறார்கள். வியாபாரிகள் ஏலம் கேட்கிறார்கள். உயர்ந்த ஏலம்தான் உங்களிடம் வரும் விலை. ஏலம் கேட்கிற வியாபாரி கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார். இந்தக் காரைக் கடையில் என்ன விலைக்கு நிறுத்தலாம், அதில் சாயச் செலவு எவ்வளவு, நாலு டயர் எவ்வளவு, பெயர் மாற்றம், விற்காமல் நிற்கும் மாதங்கள், கடைசியில் தன் லாபம். இதையெல்லாம் கழித்த மிச்சம்தான் உங்களுக்கு. விற்பனை விளம்பரங்களில் நாம் பார்க்கும் விலைகள் அவர் கேட்கும் விலைகள். அதை நம் விலையாக நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

மைவிக்கு ஒரு நல்ல காலம் உண்டு. 2005-இல் வந்த நாளிலிருந்து அதற்கு ஆள் குறைந்ததே இல்லை. உதிரி பாகம் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். ஆகவே ஏலத்துக்குப் பலர் வருவார்கள். அபூர்வமான வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. அதற்கு ஏலம் கேட்க இரண்டு பேர் வந்தாலே அதிகம்.

பரிசோதனை ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. அப்பாவும் வந்தார். வர வேண்டாம் என்றுதான் நினைத்தேன், சொல்லவில்லை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மலாய்ப் பையன், கையில் டேப்லட், சாயத்தின் தடிமனை அளக்க ஒரு சின்னக் கருவி. ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் இடது பின்கதவில் நின்றார். "பாக்சிக், இந்தக் கதவு மறுபடி சாயம் அடித்தது, இல்லையா?" என்று மலாயில் கேட்டார். 2019-இல் சந்தைக்கு வெளியே ஒரு வேன் உரசிப்போன கதையை அப்பா முழுவதும் சொன்னார். பிறகு, கேட்காமலே, 31 வருடத்தில் தன்மேல் ஒரு விபத்து வழக்குகூடக் கிடையாது என்றும் சொன்னார். பையன் நல்லவர். நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டார். ஆனால் டேப்லட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கீறல்களுக்கு அவர்கள் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. தேடுவது இரண்டு விஷயம்: பெரிய விபத்தில் சட்டகம் வளைந்ததா, கார் வெள்ளத்தில் நின்றதா. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை, வியாபாரிகளும் மறக்கவில்லை. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்து, அடியில் சேறு காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். கால் மிதியடிக்குக் கீழே விரித்த துணியையும் தூக்கிப் பார்த்தார். சர்வீஸ் புத்தகம் இருந்தால் கொண்டுபோங்கள். 82,000 கிலோமீட்டர் என்று நாம் வாயால் சொல்வதும், வரிசையாக முத்திரை குத்திய புத்தகம் சொல்வதும் ஒன்றல்ல.

ஏலம் முடிந்தது. 21,800 ரிங்கிட்.

ஆலோசகர் பெண் மிகவும் பணிவாகப் பேசினார். "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான், அங்கிள்" என்றார். அப்பா அவரையே பார்த்தார். "இன்னிக்கு மட்டும்னா, நாளைக்குக் கார் தேஞ்சா போயிடும்மா?"

அந்தப் பெண் பொய் சொன்னதாக நான் சொல்ல மாட்டேன். ஏலத்துக்குக் காலக்கெடு உண்டு. அடுத்த வாரம் அதே வியாபாரிக்கு அந்தக் கார் தேவைப்படாமல் போகலாம். ஆனால், அந்த வாக்கியம் இன்னொரு வேலையும் செய்கிறது. விடுப்பு எடுத்து வந்திருக்கிறீர்கள், ஒரு மணி நேரம் காத்திருந்தாயிற்று, பணம் ஒரு வேலை நாளில் கணக்குக்கு வந்துவிடும் என்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு 'சரி' சொல்வதுதான் சுலபம். விற்பவர் கையில் இருக்கும் ஒரே பலம், காரை ஓட்டிக்கொண்டு திரும்பிவர முடியும் என்பது. நாங்கள் ஓட்டிக்கொண்டு வந்தோம். நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில்.

அடுத்த மூன்று வாரங்கள் வீடு சந்தையாகிவிட்டது. வட்டாரத்துப் பழைய கார் கடையில் 20,500 சொன்னார்கள். எங்கள் தாமானில் ஒரு தாதியர் 25,000 தருவதாகச் சொன்னார். அப்பாவுக்கு அவருக்கே கொடுக்க ஆசை, ஏனென்றால் கார் கண்ணெதிரே நிற்கும். ஆனால் பத்து வயதுக் காருக்கு அவர் கேட்ட கடனை வங்கி தரவில்லை. மூன்றாவதாக ஒருவர் 25,500 என்று வந்தார். இப்போது 10,000, மீதி மாதாமாதம், பெயர் மாற்றம் கடைசியில்.

இதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. பெயர் மாறாத கார் இன்னும் நம் கார்தான். அப்பாவின் நண்பர் ஒருவர் இப்படித்தான் கொடுத்தார். இரண்டு வருடம் அவர் வீட்டுக்குச் சம்மன் வந்துகொண்டே இருந்தது. கடன் முடியாத காரை 'சம்போங் பாயார்' முறையில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது இதைவிட ஆபத்து. வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது சட்டப்படி குற்றம், தவணை நின்றால் வங்கி தேடி வருவது உங்களைத்தான். இயங்கலை நிறுவனம் சில ஆயிரம் குறைவாகக் கொடுத்தாலும், புஸ்பாகோமில் பி5 பரிசோதனை, ஜே.பி.ஜே.-யில் பெயர் மாற்றம் இரண்டையும் முறையாக முடித்துத் தருகிறது. என் கணக்கில் அந்தக் குறைவு அதற்கான கூலி.

கடன் பற்றி இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் தோழி ஒருத்தி, ஒன்பது வருடக் கடனில் ஐந்து வருடம் கட்டிவிட்டேன், பாதிக்கு மேல் முடிந்தது, விற்றால் கையில் காசு நிற்கும் என்று நம்பியிருந்தாள். 40,000 ரிங்கிட் கடன், 3 விழுக்காடு நிலையான வட்டி. ஒன்பது வருட வட்டி 10,800. மாதம் ஏறக்குறைய 470. அறுபது மாதத் தவணை போக மீதி 22,578. முன்கூட்டியே முடித்தால் வட்டியில் கழிவு உண்டு. ஆனால் இப்படிப்பட்ட கடன்களில் அதைக் கணக்கிடும் '78-இன் விதி' வட்டியின் பெரும்பகுதியை ஆரம்ப மாதங்களிலேயே எடுத்துக்கொள்கிறது. காலத்தில் 44 விழுக்காடு மிச்சம் இருக்கிறது, வட்டியில் திரும்பக் கிடைப்பதோ 20 விழுக்காடு, சுமார் 2,158. ஆக, வங்கிக்குக் கட்ட வேண்டியது 20,420. ஏலம் 19,000-இல் நின்றால் காரையும் கொடுத்து, கையிலிருந்து 1,420-ம் கொடுக்க வேண்டும். வங்கியிடம் முழுத்தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்காமல் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கடன் முடிந்தவர்களும், வங்கியின் உரிமைக்கோரல் ஜே.பி.ஜே. பதிவில் நீக்கப்பட்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாம் 'கிராண்ட்' என்று சொல்லும் சான்றிதழ் அலமாரியில் இருப்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. நிலுவைச் சம்மன்கள் தடையாக நிற்கும், கறுத்த கண்ணாடித்தாள் பி5-இல் மாட்டும்.

கடைசியில் இன்னொரு இயங்கலை நிறுவனத்தில் காட்டினோம். அதே கார், அதே பின்கதவு. 22,900. நாங்கள் வீட்டில் பேசி வைத்திருந்த கீழெல்லை 22,500 என்பதால் அப்பா என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். பெருவிரல் ரேகை வைத்தார். அம்மா நாள்காட்டியில் பழைய எண்ணை அழித்துவிட்டு, அதன் கீழே வேறொரு கணக்கைத் தொடங்கியிருக்கிறார்: மாதம் எத்தனை முறை மருத்துவமனை, எத்தனை முறை கோயில், வாடகைக் காருக்கு எவ்வளவு. 70 ரிங்கிட் சாலை வரியும் காப்புறுதியும் இனி இல்லை என்பதை எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறார். கணக்கு இன்னும் முடியவில்லை.

காரைக் கொடுக்கும் முன் டச் அண்ட் கோ அட்டையை எடுத்தேன். கண்ணாடியில் ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையைக் கணக்கிலிருந்து நீக்கினேன். இல்லாவிட்டால் அடுத்தவர் போகும் டோலுக்கெல்லாம் நம் பணம் போகும். காப்புறுதியை ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்டோம். அப்போதுதான் முகவர் என்.சி.டி. பற்றிச் சொன்னார். விபத்துக் கோரிக்கை இல்லாத ஓட்டுநருக்கான கழிவு அது. காரோடு போகாது, உரிமையாளர் பெயரில் நிற்கும். அப்பாவுக்கு உச்ச அளவான 55 விழுக்காடு. வேன் உரசியபோதுகூட அவர் கைக்காசில்தான் சாயம் அடித்தார்.

அதை என் பெயருக்கு மாற்றலாமா என்று அம்மா கேட்டார். முடியாது என்றார் முகவர். அம்மாவுக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. பேச்சு அத்தோடு நின்றது என்று நினைத்தேன். இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அந்த 55 எவ்ளோ நாளைக்கு என் பேர்ல இருக்கும்னு கேட்டியாம்மா?"

நாளைக் காலை நிகழ்ச்சி முடிந்ததும் முகவரைக் கூப்பிட வேண்டும்.